ஒதுக்கீடு

விண்ட்ஹூக்கிலிருந்து தெற்கே இறங்கும் சாலையில்
இருநூற்றுப் பதினான்காம் கிலோமீட்டரில்
மடக்கு நாற்காலியும் எண்ணும் கருவியுமாக
மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.
நிற்கிற வண்டிகளை எண்ணுவது என் வேலை.
ஏன் நிற்கின்றன என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

ஒட்டகமுள் மரம் ஒன்று.
அதன் கீழே சிமெண்டு மேசை.
நாலு இருக்கையில் ஒன்று உடைசல்.
குப்பைத் தொட்டிக்கு அடிப்பாகம் கிடையாது,
போட்டது போட்ட இடத்திலேயே
பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கோலா எல்லையிலிருந்து
சிமெண்டு மூட்டைகளோடு வந்த ஹவுலோஃபு
எஞ்சினை அணைத்தார்,
மேசைமேல் மல்லாந்தார்,
சரியாக இருபது நிமிடம் செத்துக் கிடந்தார்.
எழுந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு
"இது இல்லையென்றால் அடுத்த வளைவில்
நிரந்தரமாகப் படுத்திருப்பேன்" என்றார்.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
ஒன்று.

பிறகு ஒரு மினிபஸ். பதினாலு பேர்.
ஆண்கள் சாலைக்கு முதுகு காட்டினார்கள்,
முடிந்தது.
பெண்கள் தூரத்தைப் பார்த்தார்கள்.
முழங்கால் உயரத்துக்கு மேல் புதர் வளராத நிலத்தில்
தூரம்தான் சுவர்.
நடந்தார்கள், நடந்தார்கள்,
புள்ளிகளாகிற வரை நடந்தார்கள்.
ஒருத்தி போர்வையை விரித்துப் பிடிக்க
இன்னொருத்தி அதன் பின்னால் மறைந்தாள்.
காற்று போர்வையின் ஒரு முனையைக் கேட்டது.
ஓட்டுநர் ஹாரன் அடித்தான்.
வேறெங்கும் பார்க்க முடியாமல்
கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தூங்க நின்றவரும் ஒன்று,
ஒன்றுக்குப் போக நின்றவர்களும் ஒன்று,
அதற்கு.

நிதிப் பிரிவில் ச்சியுரிமோ கண்ணாடியைத் துடைத்தார்.
எரிபொருள் வரியில் வருவது
பள்ளம் அடைக்கவே பற்றவில்லை என்றார்.
பொய் இல்லை. பள்ளங்களை நானும் அறிவேன்.
கட்டித்தர ஆள் உண்டு என்றார்,
ரிப்பன் வெட்டப் படமெடுக்க எல்லாரும் வருவார்கள்.
கட்டுவது ஒரு நாள். கழுவுவது தினம்.
கழுவுவதற்கு எந்த நாடும் நன்கொடை தருவதில்லை.
நிழலுக்கு என்ன மதிப்பு போட்டிருக்கிறீர்கள் என்றேன்.
தேடினார், பாவம், நிஜமாகவே தேடினார்.
மரத்துக்கு வெட்டுக்கூலி இருந்தது.
நிழலுக்கு இல்லை.

ஒதுங்க ஓர் இடம் கேட்டுப் போனேன்.
ஒதுக்க ஒன்றுமில்லை என்று வந்தேன்.

அன்றிரவு திட்டப் புத்தகத்தைத் திருப்புகையில்
எண்பத்தோராம் பக்கத்தில் கண்டேன்:
பராமரிப்புக் கருவி அறை, அனுமதி உண்டு.
இரண்டுக்கு இரண்டு மீட்டர். தகரக் கூரை. கதவு.
காவலர் ஒருவர், பகுதிநேரம்.
வரைந்தேன்.
தரையில் ஒரு குழி.
கூரைக்கு மேலே காற்றுக்குழாய்.
ச்சியுரிமோவின் விரல் கதவில் வந்து நின்றது.
"கடப்பாரைக்கு எதற்கு
உள்ளேயிருந்து தாழ்ப்பாள்?"
நான் பேசவில்லை.
பேனா மூடியைக் கடித்தார்,
வெகுநேரம் கடித்தார்.
பிறகு பக்கத்தைத் திருப்பிக்
கையெழுத்துப் போட்டார்.

பக்கத்துப் பண்ணையின் ரோசினா கோலியத்
காவலரானாள்.
அதற்கு முன்பும் அவள்தான் கூட்டினாள்,
பபூன் குரங்குகளை விரட்டினாள்.
இப்போது அதற்கு ஒரு பதவிப் பெயர்.

பதினோரு மாதம் கழித்துத் தணிக்கையாளர் வந்தார்.
வழியெல்லாம் காப்பி குடித்திருந்தார்.
பட்டியலை விரித்து, மண்வெட்டி எங்கே,
கடப்பாரை எங்கே என்று தொடங்கியவர்
பாதியில் நிறுத்தி
கால் மாற்றி நின்றார்.
ரோசினா கதவைத் திறந்துவிட்டாள்.
தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அறிக்கையில் எழுதியிருந்தார்:
கடப்பாரை ஒன்று குறைகிறது.
சோப்பு ஒன்று கூடுதல்.
மற்றபடி அறை பயன்பாட்டில் உள்ளது.

அவ்வளவுதான் என்று முடித்திருப்பேன்.
ஆனால் ரோசினாவுக்குச் சம்பளம்
மூன்று மாதமாக வரவில்லை.
நான் எழுதிய கடிதங்கள் எல்லாம்
ஏதோ ஒரு மேசையில் இளைப்பாறுகின்றன.
சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது.
இன்னும்
பூட்டவில்லை.