தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர்

ஐவாரின் தபால் வழி தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர்.
குரெசாரேயில் கிளம்பி, மேற்குக் கரையைச் சுற்றி,
கலங்கரை விளக்கத்தில் திரும்பி வந்தால்
தொண்ணூற்றிரண்டு.
நவம்பரில் அவன் வண்டி காட்டியது
நூற்று முப்பத்தொன்று.
டிசம்பரில் நூற்று எழுபது.
தீவு ஒன்றும் வளர்ந்துவிடவில்லை.

டீசல் கணக்கு என் மேசையில்.
திருடுகிறான் என்று நினைத்தேன்.
பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றான் ரைமோ.
குடி என்றாள் ஹெல்வே.
ஆளுக்கொரு பாவத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு
நிம்மதியாகக் காப்பி குடித்தோம்.

கூப்பிட்டுக் கேட்டேன்.
கதவைச் சாத்தினான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து
அதனிடம் சொல்வதுபோல் சொன்னான்:
"சக்கரம் எதன்மேலாவது ஏறி இறங்கும், மாரெட்.
பனியில் பிளந்த தார். விழுந்த கிளை.
அது ஆளாக இருந்தால்?
கண்ணாடியில் பார்ப்பேன். சாலைதான் இருக்கும்.
பள்ளத்தில் உருண்டிருந்தால்?
திரும்பிப் போவேன். டார்ச் அடித்துத் தேடுவேன்.
யாரும் இருக்க மாட்டார்கள்.
வண்டியை எடுப்பேன்.
இப்போது தேட வந்த வழியில்
வேறு யாரையாவது இடித்திருந்தால்?"

பதினேழு வருடமாக ஓட்டுகிறாய்,
ஒரு முயல்கூட அடிபட்டதில்லையே என்றேன்.
"தெரியும்," என்றான்.
"தெரிவதால் எதுவும் நிற்பதில்லை.
பைத்தியம் என்று எழுதிக்கொள்.
வண்டியை மட்டும் பிடுங்கிவிடாதே."

யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான்
ஹெல்வேயிடம் சொன்னேன். என் தவறு.
"அட, எனக்கும் ஓசிடிதான்!" என்று சிரித்தாள்.
ரப்பர் முத்திரைகளை உயர வரிசையில் அடுக்குபவள்.
அடுக்கி முடித்தால் உனக்கு ஒரு சுகம், ஹெல்வே.
அவனுக்கு
முழங்கால்வரை பனி, இருட்டில்,
இல்லாத பிணத்தின் பக்கத்தில்.
இதை நான் அப்போது சொல்லவில்லை.
நானும் கொஞ்சம் சிரித்தேன்.

தார்த்துவில் ஒரு மருத்துவர் கிடைத்தார்.
கப்பல், பிறகு பேருந்து, வாரம் ஒருநாள்.
விடுப்புக் காரணம் என்ற கட்டத்தில்
முதுகு வலி என்று நானே நிரப்பினேன்,
அவனைக் காப்பாற்றுவதாக எண்ணி.
மார்ச்சில் அவனே பேனா கேட்டு வாங்கி
முதுகை அடித்துவிட்டு
ஓசிடி என்று எழுதினான்,
முகவரி எழுதும் அதே தெளிவான கையெழுத்தில்.

பிறகு வீட்டுப்பாடம்.
திரும்பிப் பார்க்காமல் ஓட்ட வேண்டும்.
பக்கத்து இருக்கையில் நான்.
ஜூனிபர் புதர்கள் முடியும் வளைவில்
வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டது.
"பார்த்தாயா? ஒன்றுமில்லைதானே?"

ஒன்றுமில்லை.
நாக்கு நுனியில் இருந்தது அந்தச் சொல்.
கொடுத்தால் பத்து நிமிடம் தாங்கும்,
அப்புறம் இரண்டாகக் கேட்கும் என்று
மருத்துவர் எச்சரித்திருந்தார்.
"தெரியாது, ஐவார்," என்றேன்,
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஸ்டியரிங்கில் அவன் விரல்கள் வெளுத்திருந்தன.
மழை இல்லை; வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது,
இருவருமே அதை நிறுத்தவில்லை.
ஒரு தபால்பெட்டி போனது. இன்னொன்று.
மூன்றாவது, லெய்டாவின் பச்சைப் பெட்டி,
நிறுத்த வேண்டியது. அதையும் தாண்டிவிட்டோம்.
"திரும்பலாமா? இதற்குக் காரணம் இருக்கிறதே," என்றேன்.
"வேண்டாம். மின்கட்டண ரசீதுதான்.
ஒருநாள் தாமதித்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள்."
சொன்ன சொல் அவன் காதிலேயே விழுந்தது.
முதலில் சிரித்தது அவன்தான்.

அன்று மீட்டர் நூற்று நான்கு.
கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் முடியவில்லை,
திரும்பினோம். டார்ச்சை நான் பிடித்தேன்.
பிடித்திருக்கக் கூடாதாம்.

வீடு வந்து உருளைக்கிழங்கு உரிக்கும்போது
நினைவு வந்தது:
பள்ளிக்கூட முனையில் என் காரும்தான் குலுங்கியது.
எதன்மேல் ஏறினேன்?
தெரியவில்லை. என் மூளை அதை
அங்கேயே கீழே போட்டுவிட்டு வந்திருந்தது.
நான் ஒன்றும் செய்யவில்லை.