தொகுதி, பகுதி

பிஷோப்டு எடை அறையில் ஜன்னலைத் திறப்பதில்லை.
தெஃப் விதை மூச்சுக்கே பறந்துவிடும்.
நூற்றைம்பது சேர்ந்தால்தான்
ஒரு கோதுமையின் கனம்.

தரையோடு அறுத்த செடி
அறுபத்தைந்து டிகிரி அடுப்பில் மூன்று நாள்.
தண்ணீர் போனபின் மிஞ்சுவதுதான் எடை.
மணி மேலே, மொத்தம் கீழே,
நடுவில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே நிற்கும் முழுச் செடிக்குப்
பகுதி என்று பெயர் வைத்தவர் யாரோ.

உருளைக்கிழங்கு நூற்றுக்கு எண்பது.
இலையில் இருந்ததையெல்லாம் இருட்டுக்குள் இறக்கிவிட்டு
வெறும் தண்டாய்ச் சாய்ந்துவிடும்.
குள்ளக் கோதுமை பாதிக்குப் பாதி,
உயரத்தை விற்று மணி வாங்கியது.
தெஃப் முப்பதைத் தொட்டால்
கெபயெஹு பேனாவை வைத்துவிட்டுக் காபி சொல்வார்.

நூக் என்றொரு மஞ்சள் பூ, எண்ணெய் வித்து.
இருபதைத் தாண்டுவது அபூர்வம்.
சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள்:
ஒரு கிராம் எண்ணெய்க்கு அது
மூன்று கிராம் சர்க்கரை செலவழிக்கிறது.
மாவுக்கு ஒன்றேகால் போதும்.
தராசுக்கு விலைவாசி தெரியாது.

வேரா?
தோண்ட ஆளில்லை. கழுவினால் பாதி ஓடிவிடும்.
எங்கள் மொத்தத்தில் பாதாளம் கிடையாது,
அறுப்புக்கு முன் உதிர்ந்த இலையும் கிடையாது.
நான்கு தசமம்வரை துல்லியமாய்
விட்டுவிடுகிறோம்.

வியாழக்கிழமை பின்வாசலில் கழுதைச் சத்தம்.
காவலாளியின் மனைவி யெஷிமெபெட்.
எடை முடிந்த தாளெல்லாம் அவளுக்கு.
புது ரகத்தின் மூட்டையைக் காட்டி
"நாற்பது" என்றேன்.
எட்டு வருடப் பாடு, குரலில் கொஞ்சம் பெருமை.
அவள் அதை ஒற்றைக் கையில் தூக்கினாள்.
இன்னொரு தரம் தூக்கினாள்.
"மீதி எங்கே?"
"இதுதான் மொத்தம்."
"மாடு எதைத் தின்னும்?
சுவர் மண்ணில் எதைப் பிசைவேன்?
மழைக்கு இன்னும் ஆறு வாரம்."
பதிலுக்கு நிற்கவில்லை.
மூலையில் பழைய ரகத்தின் மூன்று மூட்டை,
நாங்கள் கழித்துக் கட்டியது,
அதைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டாள்.
கழுதை நாலடி வைத்து நின்றது, கனத்தில்.

கெபயெஹு சிரித்தார்.
பதிவேட்டில் அந்த ரகத்துக்கு எதிரே
ஏற்கெனவே சிவப்பு மை.

மாலையில் அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
நகக்கண்ணில் ஏழு தெஃப்.
எந்தப் பாத்தி, எந்த ரகம், தெரியவில்லை.
வெளியே வந்து
ஊதினேன்.