ஆறாம் நம்பர் பூட்ஸ்

கம்பெனி பூட்ஸ் எல்லாம் வெள்ளை,
எல்லாம் ஆறாம் நம்பர்.
என் இடது காலில் மட்டும்
பெருவிரல் ஓரத்து எலும்பு
வேலிக்கு வெளியே நிற்கிறது.

மண்டபத்தில் ஐந்தே முக்காலுக்கே இறங்கிவிடுவேன்.
ரேக்கில் ஒரு ஜோடி உண்டு.
இடதில், சரியாக அந்த இடத்தில்,
ரப்பர் ஏற்கனவே புடைத்திருக்கும்.
யாரோ ஒருத்தி வலித்து வலித்து
எனக்கு இடம் பண்ணி வைத்திருக்கிறாள்.

அதோடு, வலை மிதப்பில் அறுத்த துண்டு ஒன்று
இரண்டு விரலுக்கு நடுவே.
குளோரின் தொட்டியில் மிதித்து உள்ளே போனால்
மதியம் வரை நண்டுச்சதை மட்டும்தான் நினைப்பு.
எடை வலது காலில்.

இன்று அந்த ஜோடி இல்லை.
வேறொன்றில் காலைத் திணித்துக்கொண்டு
மேஜைக்கு அடியில் முப்பது பேர் காலையும்
ஓரக்கண்ணால் தேடினேன்.
கிராம் குறையுது என்றான் சூப்பர்வைசர்.

டீ நேரத்தில்தான் கண்டேன்.
நண்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு
பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்
நைட் ஷிஃப்டிலிருந்து மாறி வந்த லூர்து ஜெனிட்டா.
என் கால்தான் அது, அவள் உடம்பில்.

சண்டைக்கு வைத்திருந்த வார்த்தை
டீயோடு இறங்கிப் போனது.
மிதப்புத் துண்டை எடுத்து நீட்டினேன்.
"ஈரமா இருக்கே" என்றாள்.
"இங்க எதுதான் காஞ்சிருக்கு?"

பன்னிரண்டு வரை அவள்.
அப்புறம் நான்.