கொக்கி இல்லாத வீடு

இந்த வீட்டைக் கட்டியவர்
கூரையில் ஓர் இடத்திலும் கொக்கி வைக்கவில்லை.
காற்றாடி எதற்கு, இது பெங்களூர் என்று
அந்தக் காலத்துக் கொத்தனாரிடம் சொல்லியிருப்பார்.
காக்ஸ் டவுனில் அப்போது
ஏப்ரலிலும் போர்வை தேடினார்களாம்.

இந்த மே மாதம்
சிவப்புத் தரையில் ஈரத்துணி விரித்துக் கிடந்தோம்
நானும் ஜெயசிங்கும்,
ஏலத்தில் விலை போகாத இரண்டு மீன்களாக.
மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து
"நிங்கப்பாவைக் கூப்பிடு" என்றார்.

நிங்கப்பா யாத்கிரிக்காரர்.
ஏணியில் ஏறி சுத்தியலால் கூரையை
இரண்டு தட்டு தட்டினார்,
டாக்டர் முதுகில் தட்டிக் கேட்பதுபோல்.
சுண்ணாம்பு, செங்கல், தேக்கு உத்தரம்.
இரண்டு நாள் போதும் மேடம் என்றார்.
அப்புறம் தினமும் "நாளே" என்றார்.
அவருடைய நாளேக்கும் நம்முடைய நாளைக்கும்
ஒரே தூரம்தான்.

பதினெட்டாம் தேதி வருவதாகச் சொன்ன
நாத்தனார் ரோஸ்லின்
எட்டாம் தேதியே வந்து இறங்கினாள்.
தூத்துக்குடியிலிருந்து ஏழு பேர்.
"போனில் நீங்கதான் சரியாக் கேக்கல, மதினி."
நான்கு டப்பா மக்ரூன், ஒரு பொட்டலம் கருவாடு,
பிள்ளைக்கு ஒன்றாக ஸ்வெட்டர்.
குளிர்ந்த ஊர் பார்க்க வந்த பிள்ளைகள்
வாசலிலேயே அதைக் கழற்றி
சிமெண்டு மூட்டைமேல் எறிந்தார்கள்.

அடுப்பு கொல்லைப்புறம் போயிற்று.
லாரித் தண்ணீர் வந்த அன்று குளியல்,
வராத அன்று முகம் கழுவல்.
ரோஸ்லின் வீட்டுக்காரர் விசிறிக்கொள்ள
எங்கள் கல்யாண ஆல்பத்தின் அட்டையை எடுத்தார்.
மீன்குழம்பில் கூரைத்தூசி விழுந்ததை
யாரும் சொல்லவில்லை.
வெற்றிலை போட்டதுபோல்
நாக்கு மட்டும் லேசாகச் சுட்டது.

பதினோராம் தேதி
டிரில் உத்தரத்தைத் தவறவிட்டது.
ஒரு செங்கல், பின்னாலேயே இன்னொன்று,
அதற்கும் பின்னால்
நேராக வானம்.
நிங்கப்பா ஏணியில் நின்றபடி பேசவில்லை.
ஜெயசிங் பேசினார். நிறைய.
கீழே, தரையில்,
சாஸர் அளவுக்கு வெயில்.

முதலில் பார்த்தது அக்சா, ஏழு வயது.
"அத்தை, அது நகருது."

சாக்பீஸ் கிடைத்தது.
பதினொன்றுக்கு பீரோ பக்கம் வந்துவிடும் வெயில்;
அங்கே ஒரு கோடு, பக்கத்தில் 'மோர்'.
ஒரு முழம் தள்ளி 'சாப்பாடு'.
ஜன்னலை நெருங்கும்போது 'பெரியவங்க தூக்கம்',
அதைத் தாண்டிப் பெரிய எழுத்தில் 'கேரம்'.
சுவர்க் கடிகாரத்தை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.
சோற்றுக்குத் தாமதம் என்றால்
ஏழு பேரும் தரையைக் காட்டினார்கள்.

மறுநாள் சாந்து குழைத்து வந்த நிங்கப்பாவை
பிள்ளைகள் சுற்றி நின்று மறித்தார்கள்.
"அவங்க ஊருக்குப் போகட்டும்" என்றேன்.
"மழை வந்தா?"
"வாளி இருக்கு."
கரண்டியை வைத்துவிட்டு ஒரு மக்ரூன் தின்றார்.
சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில்
வெயில் வரும்வரை காத்திருந்து
காதில் செருகிய பென்சிலை எடுத்து
அவரும் ஒரு கோடு போட்டார்.
என்ன நேரம் என்று எழுதவில்லை.
ஊருக்குப் போன் பண்ணும் நேரம் என்று
போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

இருபத்து நான்காம் தேதி ரயில்.
இருபத்தைந்தாம் தேதி
நாளே என்று சொல்லாமல் வந்து
ஓட்டையை அடைத்து, கொக்கி போட்டு,
காற்றாடியை மாட்டி, கூலி வாங்கிக்கொண்டு போனார்.
மறந்துவிட்டுப் போன நீல ஸ்வெட்டர் ஒன்றை
மகளுக்கு என்று நீட்டினேன்.
"யாத்கிரிலே நாப்பத்திரண்டு டிகிரி, மேடம்!"
சிரித்துக்கொண்டே மடித்துப் பையில் வைத்தார்.

காற்று வருகிறது.
கொஞ்சம் சத்தத்தோடு வருகிறது.
படுத்தபடி ஜெயசிங்
"இப்ப மணி என்ன இருக்கும்" என்கிறார்,
கையில் கடிகாரம் கட்டியிருக்கிறார்.

தரையைத் துடைத்தேன்.
மோர் போயிற்று, கேரம் போயிற்று.
கொத்தனார் பென்சில் மட்டும்
சோப்புத் தண்ணீருக்கும் போகவில்லை.