பதினாறில் ஒரு பங்கு

பள்ளத்தூர் வீட்டின் பின்கட்டில்
எட்டடிக்கு நாலடி என்னுடையது.
மீதியெல்லாம் பூட்டு.

சித்திரையில் அரிசி களைந்த தண்ணீர்தான்
கறிவேப்பிலைக்கு.
செம்புறாங்கல் தரையைக் கடப்பாரையால் குத்தி
ஆடியில் பாகல் ஊன்றினேன். காற்று
இரண்டு முறை பந்தலைச் சாய்த்தது.

ஐப்பசி மழையில் கொடி
சுவர் தாண்டி உமையாள் பங்குக்குள் இறங்கிவிட்டது.
அவள் ஈப்போவில்.
போனில் சொன்னேன்.
"காய்த்தால் பறித்துக்கொள்" என்றாள்.
சாவியைப் பற்றிப் பேச்சில்லை.

மார்கழிப் பனி.
கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்கிறேன்:
பழுத்து, வாய்பிளந்து,
சிவந்த விதைகளோடு தொங்குகிறது ஒன்று.
சின்னான் குருவிகள் கொத்துகின்றன.

பங்குனி வெயிலில்
துவைகல் ஓரத்து ஈரத்தில்
ஒரு பாகல் முளை.
நான் ஊன்றாதது.

உமையாளிடம் இன்னும் சொல்லவில்லை.