பழைய மதிப்பு, புதிய மதிப்பு

முன்பக்கத்தை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.
பனித்துளி வைத்த தக்காளி,
எந்த நாட்டுச் செடியில் காய்த்ததோ,
ராயக்கோட்டை மண்டியில் அப்படி ஒன்று
இன்றுவரை இறங்கியதில்லை.
முனிரத்தினம் அதைப் போனில் விரித்து விரித்து
மச்சானுக்குக் காட்டினார்,
பெங்களூர் லாரிக்காரருக்குக் காட்டினார்.

நான் கட்டியது அதற்குப் பின்னால்.
கடவுச்சொல் கேட்கும் ஒரு வெள்ளைக் கட்டம்.
தாண்டினால் நெட்டுக்கு நெட்டு பத்திகள்:
வரவு, எடை, தரம், கழிவு, கமிஷன்.
படம் கிடையாது. நிறம் கிடையாது.
அந்தப் பக்கம் வரப்போவது இரண்டே பேர்.

பேட்டரி கடை மாடியில் ஆறு வாரம்.
சேலம் வண்டி போகும்போதெல்லாம்
டம்ளருக்குள் டீ வட்டம் போட்டது.

தில்ஷாத் மூன்று முறை படியேறி வந்தாள்.
மண்டியில் கணக்கு எழுதுபவள்,
விடிகாலை நாலிலிருந்து பட்டுவாடா முடியும்வரை.
முதல் முறை சொன்னது:
"சேமிக்கறதும் அழிக்கறதும்
ஒட்டிக்கிட்டு இருக்குதுக்கா.
நாலு மணிக் குளிர்ல
என் விரல் எங்க போகும்னு எனக்கே தெரியாது."
அழிப்பதைத் தூரக் கொண்டுபோனேன்.
'நிச்சயமா?' என்று கேட்கவைத்தேன்.
உண்மையில் அது எதையும் அழிக்காது.
வரியின் ஓரத்தில் ஒரு சைபர் ஒன்றாகும்.
கண்ணிலிருந்து போகும்,
அட்டவணையிலிருந்து போகாது.

அடுத்த முறை, ஈரக்கைக்குத் தக்கபடி
கட்டங்களை அகலமாக்கச் சொன்னாள்.
அப்புறம் திம்மராயன்கள்.
பதிவில் ஏழு பேர்.
"ஊர் பேர் முன்னாடி வரலன்னா
ஒருத்தர் காசு இன்னொருத்தருக்குப் போயிடும்."
ஏழு பேருக்கும் ஏழு எண் கொடுத்திருக்கிறேனே என்றேன்.
"எண்ணச் சொல்லி யாருக்கா கூப்பிடுவாங்க?"

மூன்றாம் முறை உட்காரவே இல்லை.
"காலைல பெட்டி நானூத்தி இருபதுன்னு போடறேன்.
பட்டுவாடாவுக்குத் திறந்தா முந்நூத்தி எண்பது.
பக்கத்துல என் பேரு.
என்னத்தான் பார்க்கறாங்க."
கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்,
பக்கத்துக் கடையில் ஏதோ மறந்து வைத்தவள் மாதிரி.

முனிரத்தினமும் வந்தார், வேறொரு நாள்,
ஓசூர் பேக்கரிப் பொட்டலத்தோடு.
அவர் கேட்டது சின்னதாய் ஒரு பட்டன்.
"எனக்கு மட்டும் தெரியணும்மா.
மாத்தினா,
மாத்தின மாதிரி தெரியக் கூடாது."

பத்து நிமிஷ வேலை.
கோட்டை மலையில் வெயில் பாறைபாறையாய் இறங்கும்வரை
திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பொட்டலத்தில் பாதி காலி.
கடைசித் தவணை பாக்கி.
மாடி வாடகையும்தான்.

பட்டனைச் செய்தேன்.
அவர் விலையை மாற்றலாம், எத்தனை முறையும்.
கூடவே ஓர் அட்டவணையும் செய்தேன்,
யாராலும் திருத்த முடியாதது, நாலே பத்தி:
யார், எப்போது,
பழைய மதிப்பு, புதிய மதிப்பு.
விலைக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளி வரும்.
தொட்டால் விரியும்.

கண்டுபிடிக்க அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று.
"இத யாரு கேட்டாங்க?"
இது இல்லாமல் எதுவும் ஓடாது என்றேன்.
பொய். ஜோராய் ஓடும்.
எத்தனை மண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தவணை வரவில்லை.
வேறு ஆளை வைத்து அதைப் பிடுங்கிப் போடலாம்,
பெரிய வித்தையில்லை.
ஆனால் என் கணக்கை நீக்க மறந்துவிட்டார்கள்.
தூக்கம் பிடிக்காத இரவுகளில்
உள்ளே போய்ப் பார்க்கிறேன்,
பார்க்கக் கூடாதுதான்.

4:12 தில்ஷாத், தவறான கடவுச்சொல்.
4:12 தில்ஷாத், தவறான கடவுச்சொல்.
4:13 தில்ஷாத், உள்ளே.
4:19 கெலமங்கலம் திம்மராயன், 31 பெட்டி, 420.

குளிர்தான் போல.

விலைக்குப் பக்கத்தில் இன்னும் புள்ளி இல்லை.
பட்டுவாடா பதினொன்றரைக்கு.