அரைப்பேர்

அட்டன் தொலைபேசி நிலையத்தில்
இரவு முறை எனக்கு.
பதினெட்டு வருஷம், ஒரே நாற்காலி,
ஒரு காது எப்போதும் சூடு.
ஒட்டுக்கேட்கக் கூடாது என்று
சுவரில் மூன்று மொழியில் எழுதியிருந்தது.
மூன்றையும் வாசித்துவிட்டுத்தான் கேட்டேன்.

சலேத்தம்மாளை நான் பார்த்ததில்லை.
பேப்பரில் வந்த படங்கள்தான்:
கத்தியோடு விழுந்து கிடப்பவள்,
இருமி இருமிக் கட்டிலில் சாய்பவள்,
கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கப்போகிறவள்.
வாரத்துக்கு நாலு சாவு,
ஒவ்வொன்றுக்கும் பூச்செண்டு.
அங்கேயும் கூத்துதானாம், ஒபேரா என்கிறார்கள்.
நம்முடையதுபோல விடியவிடிய இல்லை.
பதினொரு மணிக்குள் செத்து முடிக்க வேண்டும்,
சனத்துக்குக் கடைசி டிராமைப் பிடிக்கணும்.

மேமலைப் பிரிவு, ஏழாம் லயம், கோடிக் காம்பரா.
பெரிய வெள்ளியன்று அவள் பாடிய லத்தீன்
கோயிலில் ஒருவருக்கும் விளங்கவில்லை,
கண்டியிலிருந்து வந்த இத்தாலிச் சாமியாரைத் தவிர.
அவர்தான் அழுதாராம்.
பாஸ்போட் கேட்டபோது
எந்த நாட்டவளும் அல்ல என்று
ஒரு தாள் கொடுத்தார்கள்.
அந்த அல்லவை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே
மிலான் போய்ச் சேர்ந்தாள்.

பிந்தி வந்தால் அவள் தாய்க்குச்
செக்ரோலில் அரைப்பேர்.
மகளுக்கும் அங்கே அதுதான் விழுந்தது.
சுவரொட்டியில் இடம் போதாமல்
சலேத் மட்டும் மேடை ஏறினாள்.
அம்மாள் இங்கேயே நின்றுவிட்டாள்.

எழுபத்து நாலு, மாசி.
பாணுக்கு வரிசை நின்ற வருஷம்.
"ஹட்டன், ஹட்டன்" என்றது கொழும்பு.
தோட்டத்து ஆபீசில் மதலேனை காத்திருந்தாள்.
கிளாக்கர் ரிசீவரைத் தலைகீழாகக் கொடுத்திருப்பார் போல,
முதல் அரை நிமிடம் மழை மட்டும்.

"சாப்பிட்டியா?"
"ஆச்சு. நீ?"
"ஆச்சு."
இதில் ஒரு ஆச்சு பொய்.

இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடுதாசி வந்ததை,
அம்மியையும் ஆட்டையும் விற்றதை,
வியாழக்கிழமைக் கோச்சியை
தாய் சொல்லவில்லை.
நான் சொல்ல நான் யார்?
"என்னமோ பாடுறியாமே, பாடு" என்றாள்.

பாடினாள்.
ஐந்தடுக்கு மண்டபத்தை ஒலிபெருக்கி இல்லாமல் நிரப்பும் குரல்
ஈர்க்குப் போன்ற கம்பிக்குள் நுழைந்து வந்தது.
என் பலகையில் விளக்குகள் எரிந்தன:
தலவாக்கலை, பொகவந்தலாவை,
ஒரு பொலிஸ், ஒரு பிரசவம்.
எல்லோரையும் காக்க வைத்தேன்.
(தாயும் பிள்ளையும் சுகம், மறுநாள் விசாரித்தேன்.)
மூன்று நிமிடத்தில் வெட்ட வேண்டியதை
ஏழு நிமிடம் விட்டேன்.
முடிந்ததும் மதலேனை சொன்னாள்,
"தொண்ட கட்டிருக்கு. கொத்தமல்லி அவிச்சுக் குடி."

ஆனியில் மறுபடி வந்தது அழைப்பு.
"அப்படி ஒரு பேரு செக்ரோல்ல இல்லை"
என்று வைத்துவிட்டார் கிளாக்கர்.
கொழும்பு வெட்டப்போனது.
வேலை போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.
"ரயிலேத்திட்டாங்கம்மா. தலைமன்னாருக்கு. மாசியிலேயே."

நீண்ட மூச்சு ஒன்றை அவள் எடுப்பது கேட்டது,
பாடுவதற்கு எடுப்பதுபோல.
பிறகு எந்த மேடையும் படியாத லயத்துத் தமிழில்,
"எந்தக் கோச்சி?"
"ராக் கோச்சி."
"சன்னலோரமா?"

அன்றைக்கும் என் முறைதான்.
ஸ்டேஷன் இங்கிருந்து ஒரு கூப்பிடு தூரம்.
மாரடித்த சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்தது.
அதில் எது யாருடையது என்று
எந்தக் காதாலும் பிரிக்க முடியாது.

"ஆமா," என்றேன், "சன்னலோரம்."

பதிவேட்டில் எழுதினேன்:
ஆள் இல்லை. அரைக் கட்டணம்.